40 வீட்டுக்கு ஒரு சங்கம் தேவையா? குடியிருப்பாளர் சங்கத்தின் நன்மையும் தொல்லையும்

கொட்டகலை_பச்சை

வணக்கம். மலையகத் தோட்டம் ஒன்றில், வீட்டுக்கு 7 பேர்ச் காணி வீதம் 40 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்ட புதிய கிராமம் ஒன்றில் குடியிருப்பாளர் சங்கம் அமைக்கும் பேச்சு நடக்கிறது. பொதுவில் இருப்பவை இவைதான்: தோட்டக் காணிக்குள் ஓர் ஊற்று, மேட்டில் 10,000 லீற்றர் தாங்கி, நடுவால் ஒரு கொங்கிறீட் பாதை, அதன் இரு பக்கமும் கான் (வடிகால்), கீழ் வரிசை வீடுகளுக்குப் பின்னால் கருங்கல் பாதுகாப்புச் சுவர். இவற்றை யார் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் எதுவுமே இல்லை.

யாப்பு வரைவில் 31 விதிகள் போட்டிருக்கிறார்கள். தண்ணீருக்கும் சந்தாவுக்கும் பக்கத்திலேயே சுவருக்கு என்ன வர்ணம் பூசலாம், ஆடு வளர்க்கலாமா, விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம் என்பதும் இருக்கிறது. எதை வைப்பது, எதை வெட்டுவது? "சங்கம் நல்லது", "சங்கம் வேண்டாம்" என்று மட்டும் சொல்லாமல் காரணத்தோடு எழுதுங்கள்.

நீர்வழி

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள் தம்பி. பாதி விதிகளுக்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

முதல் வேலை ஊற்றை அளப்பது. 20 லீற்றர் வாளியை வைத்து நேரம் பாருங்கள். 60 செக்கனில் நிரம்பினால் நாளுக்கு 28,800 லீற்றர். 40 வீடு, வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 100 லீற்றர் என்றால் தேவை 20,000. போதும் போலத் தெரியும். ஆனால் மழைக்காலத்தில் எடுத்த கணக்கை நம்பக்கூடாது. கொட்டகலை, ஹட்டன் பக்கம் பெப்ரவரி, மார்ச்சில் அளக்க வேண்டும். பதுளை, ஹப்புத்தளை பக்கம் ஆகஸ்ட், செப்டெம்பரில். அப்போது அதே வாளி நிரம்ப 2 நிமிடம் எடுத்தால் 14,400 லீற்றர்தான் வருகிறது. அந்த இரண்டு மாதமும் எந்த வரிசைக்கு எந்த நேரம் திறப்பது என்று யாராவது முடிவு செய்தே ஆக வேண்டும். சங்கம் இல்லாவிட்டால் வால்வுக்குப் பக்கத்தில் யார் வீடோ அவர்தான் முடிவு செய்வார்.

இரண்டாவது அழுத்தம். 10 மீற்றர் இறக்கத்துக்கு 1 பார். தாங்கியிலிருந்து கடைசி வீட்டுக்கு 40 மீற்றர் இறக்கம் இருந்தால் அங்கே 4 பார், மேல் வரிசையில் அரை பார்கூட இருக்காது. காலை 5 மணிக்குக் கீழே நாலு வீட்டில் பைப்பைத் திறந்தால் மேலே காற்றுதான் வரும். மேல் வீட்டார் கீழ் வீட்டாரைத் திட்டுவார்கள், ஆனால் குற்றம் குழாய் போட்ட விதத்தில். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் தாங்கியிலிருந்தே தனித்தனிக் குழாய் எடுங்கள். கீழ் வரிசைக்குப் போகும் வழியில் மிதவை வால்வோடு ஒரு சின்ன அழுத்தக் குறைப்புத் தொட்டி கட்டுங்கள். வீட்டுக்கு வீடு 500 லீற்றர் தாங்கி வைத்தால் காலை நேர நெருக்கடி இன்னும் குறையும்.

ஊற்றிலிருந்து தாங்கிக்கு வரும் குழாயையும் பாருங்கள். இறக்கம் 80 மீற்றர் என்றால் 6 பாருக்கான டைப் 600 பிவிசி தாங்காது, 10 பாருக்கான டைப் 1000 வேண்டும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் தாங்கி நிரம்பி மிதவை வால்வு மூடியதும் முழு 8 பாரும் குழாயில் ஏறும், வெடிப்பது அப்போதுதான். "யாரோ வெட்டிவிட்டார்கள்" என்று விடிந்ததும் சண்டை வரும். வெடிப்பு குழாயின் நீளவாக்கில் கிழிந்திருந்தால் அது அழுத்தம். குறுக்கே நேராக அறுபட்டிருந்தால் கத்தியோ மண்வெட்டியோ.

இந்த வேலைகளில் ஒன்றையும் தனி வீடு செய்ய முடியாது. சங்கத்தின் பெரிய நன்மை இதுதான்.

ஹப்புத்தளை_மேகம்

நீர்வழி சொல்வது தொழில்நுட்பமாகச் சரி. ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. இந்த வேலைகளில் பாதி பிரதேச சபையின் கடமை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டக் குடியிருப்புக்குள் சபைப் பணத்தைச் செலவு செய்ய முடியாது என்று 30 ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்துக்காக மலையகத்தில் எவ்வளவு காலம் குரல் கொடுக்க வேண்டியிருந்தது! இப்போது சங்கம் அமைத்து, வீட்டுக்கு வீடு சல்லி தண்டி, பாதையையும் கானையும் தெரு விளக்கையும் தாங்களே பார்த்துக்கொண்டால் சபை கையைக் கழுவிவிடும். "அதுதான் உங்களுக்குச் சங்கம் இருக்கிறதே" என்ற பதில்தான் வரும்.

அதனால் யாப்பில் ஒரு பிரிவு போடுங்கள்: சபையின் கடமையான வேலைக்குச் சந்தாப் பணம் செலவழிக்கப்படமாட்டாது, அவசரத் திருத்தம் மட்டும் விதிவிலக்கு, அதற்கும் முன்னால் எழுத்தில் சபைக்கு அறிவித்த கடிதத்தின் பிரதி இருக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பிச் சிட்டையைக் கோவையில் ஒட்டுங்கள்.

இன்னொரு ஆபத்து, யார் கையில் சங்கம் போகும் என்பது. தொழிற்சங்கமும் கட்சியும் இல்லாத தோட்டம் இல்லை. தலைவர் ஒரு கட்சிக்காரர் என்றால் மற்றக் கட்சி வீடுகளின் குழாய்த் திருத்தம் பின்னால் தள்ளப்படும். சங்கமே இல்லாத இடத்தைவிட ஒரு பக்கம் சாய்ந்த சங்கம் உள்ள இடம் மோசம், ஏனென்றால் அதற்கு வால்வின் திறப்பும் பணமும் கையில் இருக்கிறது.

கான்வெட்டு

பாதுகாப்புச் சுவர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் கஷ்டம், சுவர் விழுந்தால் உயிர்.

550 சதுர அடிக் கூரை என்றால் 51 சதுர மீற்றர். 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு கூரையிலிருந்து மட்டும் 3,800 லீற்றர் இறங்கும். 40 கூரைக்கு ஒரு இலட்சத்து ஐம்பதாயிரம் லீற்றருக்கு மேல். முற்றம், பாதை, மேலே உள்ள தேயிலை மலையிலிருந்து வருவது எல்லாம் இதற்கு மேலே. இவ்வளவும் கடைசியில் கீழ் வரிசையின் பின்சுவருக்குத்தான் வரும். மேல் வீட்டுக்காரர் பீலித் தகரத்தைத் தன் முற்றத்தைத் தாண்டி நீட்டிவிட்டால் அவர் வீடு காய்ந்திருக்கும், கீழ் வீட்டு மண் ஊறும். மலையில் ஒரு வீட்டின் கூரைத்தண்ணீர் அந்த வீட்டு விஷயம் மட்டும் அல்ல. கட்டாய விதி போடவேண்டிய இடம் இதுதான்: கூரைத்தண்ணீர் குழாயிலோ கட்டிய கானிலோ பொதுக் கானுக்குப் போய்ச் சேர வேண்டும், மண்ணில் விடக்கூடாது.

சுவரில் பார்க்க வேண்டியது:

நீர் வடியும் துளைகள். 2 அல்லது 3 அங்குல பிவிசித் துண்டுகள், 5 அடிக்கு ஒன்று, வரிசை மாற்றி மாற்றி இருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் கல்லும் சல்லிக்கல்லும் நிரப்பியிருக்க வேண்டும், வெறும் மண் அல்ல. நடைமுறையில் கீழ் வீட்டார் அந்தத் துளைகளைத் துணியாலும் சீமெந்தாலும் அடைத்துவிடுகிறார்கள். சேற்றுத்தண்ணீர் சமையலறை வாசலில் வடிகிறது என்ற கோபம், அது நியாயமான கோபம்தான். ஆனால் அடைத்ததும் பின்னால் தண்ணீர் தேங்கி, மண்ணின் பாரத்தோடு தண்ணீரின் பாரமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். துளையை அடைக்கவிடாமல், துளைக்குக் கீழே 6 அங்குலக் கான் ஒன்று சுவரோடு ஒட்டிக் கட்டி வெளியே கொண்டுபோக வேண்டும். அதன் செலவு சங்கத்தின் செலவு, கீழ் வீட்டாரின் செலவு அல்ல. இதை யாப்பில் எழுதாவிட்டால் அடைப்பு நிற்காது.

சுவரின் மேல் விளிம்பு. குடும்பம் பெருகும், 550 சதுர அடி போதாது, பின்பக்கம் ஒரு குசினி இறக்குவார்கள். பாரம் விளிம்பில் ஏறும். சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்துக்கு விளிம்பிலிருந்து கட்டடமோ தண்ணீர்த் தாங்கியோ மலசலகூடக் குழியோ கூடாது என்று வையுங்கள். 500 லீற்றர் தாங்கி நிரம்பினால் அரைத் தொன் என்பதை நினைவில் வையுங்கள். விளிம்பில் மரக்கறிப் பாத்தி போட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றுவதும் கெடுதல். வெட்டிவேர் நடலாம், அதற்குத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை.

சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, மேல் நிலத்தில் சுவருக்குச் சமாந்தரமாக வெடிப்பு ஓடியிருந்தாலோ மேசன் பாஸைக் கூப்பிட்டுச் சாந்து பூசி மறைக்காதீர்கள். வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து பொலித்தீனால் மூடி, கிராம அலுவலர் ஊடாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். 5, 6 அடிக்கு மேற்பட்ட சுவரைப் பொறியியலாளர் வரைபடம் இல்லாமல் திருப்பிக் கட்டக்கூடாது.

மழைமானி ஒன்றும் சங்கப் பொறுப்பில் இருக்கட்டும். 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும். இரவு 2 மணிக்கு யார் அளப்பது, யார் எந்த வரிசைக் கதவைத் தட்டுவது, எல்லோரும் எந்தக் கட்டடத்துக்குப் போவது என்று பெயரோடு எழுதி வைக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொல்வதற்கும் மக்கள் வெளியேறுவதற்கும் நடுவில் பொறுப்பெடுக்க ஓர் அமைப்பு வேண்டும்.

சட்டப்புத்தகம்

சங்கத்துக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பதில் குழப்பம் வேண்டாம். மூன்று வகை இருக்கிறது.

மாடிவீடு என்றால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க ஆதன உரிமைச் சட்டம் இருக்கிறது. அங்கே வரைபடம் பதிவானதும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டத்தாலேயே உண்டாகிறது, வீட்டுரிமையாளர் எல்லோரும் உறுப்பினர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

அமெரிக்காவில் உள்ள வீட்டு உரிமையாளர் சங்கங்கள் வேறு மாதிரி. நிபந்தனைகள் காணியோடு ஒட்டியே பதிவாகியிருக்கும், வாங்குபவர் அவற்றோடுதான் வாங்குகிறார். சந்தா நிலுவையை வீட்டின் மேலேயே பொறுப்பாகப் பதிந்து, பல மாநிலங்களில் வீட்டை விற்பித்தும் அறவிடலாம். புல் வளர்ந்ததற்கும் வர்ணம் மாறியதற்கும் தண்டம் போடுவது அங்கே சாத்தியமாவது இதனால்தான்.

தனித்தனித் துண்டுக் காணியில் தனி வீடு என்றால், நமது 7 பேர்ச் கிராமம் அதுதான், சங்கம் தன்விருப்பச் சங்கம். சேர்ந்தவரை யாப்பு கட்டும், சேராதவரைக் கட்டாது. "வர்ணம் மாற்றினால் 5,000 ரூபாய் தண்டம்" என்று எழுதினால் அதை அறவிட வழி இல்லை. அறவிட முடியாத விதியை யாப்பில் வைத்தால் அறவிடக்கூடிய விதிகளின் மரியாதையும் போய்விடும். வர்ணம், ஆடு, விருந்தாளி மூன்றையும் வெட்டிவிடுங்கள். ஆடு பாதையில் அசுத்தம் செய்தால், மேல் நிலத்தில் கொட்டில் கட்டி ஊற்றுக்கு அழுக்கு வந்தால், அந்தக் கேட்டைத் தடுக்கும் விதி போதும்.

பதிவு முக்கியம். பிரதேச செயலகத்தில் கிராம அபிவிருத்திச் சங்கமாகவோ, நீர் வழங்கல்தான் பிரதான வேலை என்றால் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களத்தின் வழிகாட்டலில் சமூக அடிப்படை அமைப்பாகவோ பதியலாம். பதிவில்லாவிட்டால் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறப்பதே கஷ்டம், திணைக்களங்களும் ஒப்பந்தம் செய்யா. பழைய தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். அது பெரும்பாலும் வீட்டுக் கடனைச் சுற்றி அமைந்தது.

எல்லாவற்றுக்கும் முன்னால் நில அளவைப் படத்தின் பிரதியை எடுங்கள். பாதை, தாங்கி நிற்கும் இடம், கான் மூன்றும் படத்தில் பொது ஒதுக்கீடாக இருக்கிறதா, அல்லது யாருடைய துண்டுக்குள்ளாவது விழுகிறதா என்று பாருங்கள். பாதையைப் பிரதேச சபை பொறுப்பேற்றால் பராமரிப்பும் அவர்களுடையது. ஆனால் அதன் பிறகு அது பொதுப் பாதை, வாசலில் கேட் போட முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம்.

ஊற்று தோட்டக் காணிக்குள் என்கிறீர்கள். அந்தக் காணி அரச காணி. 1992இல் பிராந்தியக் கம்பனிகளுக்கு 53 ஆண்டுக் குத்தகைக்குப் போனது, 2045 வரை. தொரை (தோட்ட முகாமையாளர்) வாயால் சரி என்றது போதாது, அடுத்த தொரை மாற்றிச் சொல்வார். ஊற்றைச் சுற்றி எத்தனை அடி, குழாய் எந்த வழியால், திருத்த வேலைக்கு உள்ளே போகும் உரிமை, மேலே மருந்தடிக்கும்போது முன்னறிவிப்பு ஆகியவற்றோடு எழுத்து ஒப்பந்தம் வாங்குங்கள்.

கொட்டகலை_பச்சை

நன்றி ஐயா. அப்படியானால் சந்தா கட்டாதவரை என்ன செய்வது? தண்ணீரை வெட்டுவதா?

ஹப்புத்தளை_மேகம்

வெட்டக்கூடாது. குடிதண்ணீர் தண்டனைக்குரிய பொருள் இல்லை. கைக்குழந்தை, வருத்தக்காரர், வயோதிபர் இருக்கும் வீடுகள் உண்டு. வேலை இல்லாத மாதத்தில் நாட்கூலி கிடைக்காத குடும்பம் வேண்டுமென்றே கட்டாமல் இருப்பதில்லை. வெட்டியதும் அவர்கள் பிரதான குழாயில் ஓட்டை போட்டு எடுப்பார்கள். அதனால் 39 வீட்டுக்கும் அழுத்தம் குறையும், அழுக்கும் உள்ளே போகும்.

நீர்வழி

மேகம் அண்ணன் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். வெட்டுவதற்குப் பதில் குறைக்கலாம். தண்ணீர் அளக்கும் மீற்றருக்கு முன் உள்ள இணைப்பில் 1 மில்லிமீற்றர் துளை போட்ட பித்தளைத் தகடு ஒன்றை வைத்தால், 1 பார் அழுத்தத்தில் மணித்தியாலத்துக்கு 24 லீற்றர் அளவில் வரும். 20 லீற்றர் வாளி நிரம்ப 50 நிமிடம். குடிக்க, சமைக்கக் கிடைக்கும். முற்றம் கழுவ, மரக்கறிக்கு ஊற்ற வராது. துளை சின்னது, மணல் அடைக்கும், தகட்டுக்கு முன்னால் வடிகட்டி ஒன்று கட்டாயம். அழுத்தம் கூடிய கீழ் வரிசையில் இதே தகட்டால் இரண்டு மடங்கு வரும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

முன்னுக்கு மூன்று படி இருக்க வேண்டும்: இரண்டு மாத நிலுவைக்கு எழுத்து அறிவித்தல், மூன்றாம் மாதம் தவணை உடன்படிக்கை, அதையும் மீறினால் குறைப்பு. குறைப்பை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எடுக்க வேண்டும், தலைவர் தனியாக எடுக்கக்கூடாது.

சட்டப்புத்தகம்

கூடவே மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. சின்னத் தொகைப் பிணக்குகள் அங்கே போகலாம், சட்டத்தரணிச் செலவில்லை, தீர்வு எழுத்தில் கிடைக்கும். அயலவருக்குள் முகம் முறியாமல் முடிக்க நல்ல இடம்.

பேரேடு

சங்கங்கள் உடைவது பெரும்பாலும் திருட்டால் அல்ல, கலப்பால். மரண உதவிப் பணம், கோயில் திருவிழாப் பணம், தண்ணீர்ப் பணம் மூன்றும் ஒரே கணக்கில். திருவிழா வந்ததும் குழாய்க்கு வைத்தது போகும். சுவர் பிளந்ததும் மரண உதவிக்கு வைத்தது போகும். வேறு மதக் குடும்பங்கள் தங்கள் சந்தா திருவிழாவுக்குப் போனது என்று தெரிந்ததும் நிறுத்திக்கொள்வார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தச் சங்கம் திருவிழாவும் செய்யக்கூடாது, மரண உதவியும் செய்யக்கூடாது. அவற்றுக்குத் தனிச் சங்கம், தனிப் புத்தகம்.

சந்தாவை ஊகத்தில் வைக்காதீர்கள். உதாரணக் கணக்கு, தொகைகளை உங்கள் பக்க விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

தண்ணீர் திறப்பவர் கொடுப்பனவு 12,000, குளோரினும் சில்லறைச் சாமானும் 3,000, கான் துப்புரவு 4,000, எழுதுபொருள், பயணம் 1,000. ஆக மாதம் 20,000.

சேமநிதி: ஊற்றுக் கட்டு, குழாய், தாங்கி திரும்பச் செய்ய 18 இலட்சம், ஆயுள் 20 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 90,000, மாதம் 7,500. எண்ணாயிரம் என்று வையுங்கள்.

மொத்தம் 28,000. 40ஆல் பிரித்தால் 700. ஆனால் நாலு வீடு எப்போதும் பிந்தும், 36ஆல் பிரித்தால் 778, ஆகவே 800. நாற்பதால் பிரித்து 700 வைத்த சங்கம் முதல் ஆண்டிலேயே சேமநிதியைத் தின்னத் தொடங்கும், பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, குழாய் மாற்றவேண்டிய நாளில்தான் தெரியும்.

மீற்றர் இருந்தால் 800ஐ இரண்டாகப் பிரியுங்கள். 500 நிலையான கட்டணம், மீதி பாவனைக்கு ஏற்ப. கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கும் வீடும் 500 கட்ட வேண்டும், ஏனென்றால் கானும் சுவரும் அந்த வீட்டையும் காக்கிறது.

காசோலையில் மூவரில் இருவர் ஒப்பம், அந்த மூவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக்கூடாது. வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே ஒப்பம் வாங்கி வைப்பது அடியோடு கூடாது. பற்றுச்சீட்டுப் புத்தகம் தொடர் இலக்கத்தோடு அச்சிட்டதாக இருக்கட்டும், கழித்த சீட்டையும் கிழிக்காமல் வையுங்கள். கைக்காசு 5,000க்கு மேல் இருந்தால் மூன்று நாளில் வங்கிக்குப் போக வேண்டும். சேமநிதியிலிருந்து உறுப்பினருக்குக் கடன் கொடுக்கவே கூடாது. ஒருவருக்கு இரக்கப்பட்டால் பத்துப் பேருக்கு மறுக்க முடியாது. மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கடை வாசலிலும் கோயில் மடத்திலும் ஒட்டுங்கள். எத்தனை வீடு கட்டவில்லை என்ற எண்ணிக்கை மட்டும் போதும், பெயர்ப் பட்டியல் வேண்டாம்.

ஊவா_மலர்

கணக்கும் குழாயும் பேசிய அளவுக்குக் கூட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மாதக் கூட்டத்தை மாலை 4 மணிக்கு வைத்தால் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் யாரும் வரமாட்டார்கள். வந்து உட்காருபவர்கள் தண்ணீர் எடுப்பவர்கள் அல்ல. எந்தப் பைப்பில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்தவர்கள் வீட்டில் இருப்பார்கள், தீர்மானம் வேறு ஆட்கள் எடுப்பார்கள். ஞாயிறு காலை வையுங்கள். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் பெண்கள் என்றும், செயலாளர் அல்லது பொருளாளர் பதவியில் ஒன்று பெண்ணுக்கு என்றும் யாப்பிலேயே எழுதுங்கள். "விரும்பினால் வரலாம்" என்று விட்டால் யாரும் அழைக்கப்படமாட்டார்கள்.

வீட்டுக்கு ஒரு வாக்கு. அது வீட்டுத் தலைவரின் வாக்கு என்று எழுத வேண்டாம், 18 வயது நிரம்பிய யாரும் அந்த வீட்டுக்காக வரலாம் என்று எழுதுங்கள். வாடகைக்கு இருப்பவர் தண்ணீர், குப்பை பற்றி வாக்களிக்கலாம், சேமநிதி பற்றி உரிமையாளர் மட்டும் என்று பிரிக்கலாம்.

மேகம் அண்ணன் சொன்ன கட்சிப் பிரச்சினைக்கு: கட்சியிலோ தொழிற்சங்கத்திலோ பதவி வகிப்பவர் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆக முடியாது. தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஒருவர் ஒரே பதவியில் இருக்க முடியாது. வரிசைக்கு ஒருவர் என்று குழுவை அமைத்தால் மேல் வரிசை, கீழ் வரிசைச் சண்டைக்கும் அது மருந்து. திருத்த வேலை முறைப்பாட்டுக்கு இலக்கமிட்ட புத்தகம் ஒன்று வையுங்கள், இலக்க வரிசைப்படிதான் வேலை. யாருடைய ஆள் என்று பார்க்க இடமில்லாமல் போகும்.

குப்பையையும் விதியில் சேருங்கள். உணவுக் கழிவைத் தேயிலை ஓரம் கொட்டினால் நாயும் காட்டுப்பன்றியும் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும்.

கண்டி_மாடிவீடு

கண்டிப் பக்கம் மாடிவீடு வாங்க நினைப்பவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒன்று மட்டும். அங்கே சங்கத்தில் சேர்வதா என்ற கேள்வி இல்லை, சட்டப்புத்தகம் ஐயா சொன்னபடி வாங்கியதும் உறுப்பினர்தான். ஆகவே வாங்குவதற்கு முன் மூன்று கேளுங்கள்: கடைசி இரண்டு ஆண்டுக் கணக்கறிக்கை, சேமநிதி மீதி, பெரிய திருத்தம் ஏதும் தீர்மானிக்கப்பட்டு நிலுவையில் உள்ளதா என்ற எழுத்துப் பதில். மாதக் கட்டணம் குறைவு என்று மகிழ வேண்டாம். 2021 ஜூன் 24இல் அமெரிக்காவின் புளோரிடாவில், சர்ஃப்சைட் என்ற இடத்தில் 12 மாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து 98 பேர் இறந்தார்கள். கொங்கிறீட் பழுது 2018 அறிக்கையிலேயே இருந்தது. திருத்தச் செலவு ஒன்றரைக் கோடி டொலர், சேமநிதியில் அதற்குப் பக்கத்தில்கூடப் பணம் இல்லை, உரிமையாளர்களுக்குள் இழுபறி. அடுத்த ஆண்டே அந்த மாநிலம் மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள குடியிருப்புகளுக்குச் சேமநிதி ஆய்வைச் சட்டமாக்கியது.

ஹப்புத்தளை_மேகம்

மலர் அக்கா சொன்ன நிபந்தனைகளோடு என்றால் சங்கத்தை எதிர்க்கமாட்டேன். ஒன்று சேர்க்க வேண்டும். அதிகாரம் எங்கே முடிகிறது என்பதை முதல் விதியாகவே வையுங்கள்: ஒரு துண்டுக் காணியிலிருந்து இன்னொன்றுக்கோ பொது இடத்துக்கோ பாதிப்புப் போகும் விஷயம் மட்டும் சங்கத்துக்குரியது. வேலிக்கு உள்ளே தொடங்கி உள்ளேயே முடிவது வீட்டாருக்குரியது. கூரைத்தண்ணீர் வரும், மலசலகூடக் குழி வரும், வர்ணம் வராது, விருந்தாளி வராது. விதி சேர்க்க மூன்றில் இரண்டு வீடுகள், அதாவது 27 வாக்கு. சந்தா கூட்டவும் அதேதான்.

கான்வெட்டு

மலசலகூடக் குழி பற்றி ஒரு வரி. குழி ஊற்றுக்கு மேலே எந்தத் தூரத்திலும் வேண்டாம். கீழே என்றாலும் 60 அடியாவது தள்ளி இருக்கட்டும். மேல் வீட்டு உறிஞ்சு குழி கீழ் வீட்டுச் சுவருக்கு நேர் பின்னால் விழுந்தால் மழைக்கு அந்தத் துளைகளால் என்ன வடியும் என்று சொல்லத் தேவையில்லை. பக்கவாட்டில் நகர்த்துங்கள்.

கொட்டகலை_பச்சை

எல்லோருக்கும் நன்றி. 31 விதி 12க்கு வந்துவிட்டது. கடைசியாக இரண்டு கேள்வி நீர்வழி அண்ணனிடம்: மீற்றரை எங்கே பொருத்துவது, குளோரின் எவ்வளவு?

நீர்வழி

மீற்றர் வேலிக்கு வெளியே, பாதையோரம், பூட்டக்கூடிய கொங்கிறீட் பெட்டிக்குள். உள்ளே வைத்தால் வீடு பூட்டியிருக்கும் மாதம் வாசிக்க முடியாது, மீற்றருக்கு முன்னால் இணைப்பு எடுத்தாலும் தெரியாது. வரிசை இப்படி: பூட்டு வால்வு, வடிகட்டி, மீற்றர், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் பின்னடைப்பு வால்வு. அரை அங்குல மீற்றரைக் கிடையாக, முகம் மேலே பார்க்கப் பொருத்துங்கள். குழாயில் காற்று இருந்தால் மீற்றர் காற்றுக்கும் ஓடும். ஆகவே குழாய் மேடு ஏறி இறங்கும் இடத்தில் காற்று வால்வு வைக்காவிட்டால் மேல் வரிசைக்கு நியாயமில்லாத பில் வரும்.

குளோரின் தூள் 33 வீதம் என்றால் 10,000 லீற்றருக்கு 30 கிராம், அது லீற்றருக்கு 1 மில்லிகிராம். வாளியில் கரைத்து அரை மணித்தியாலம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் தாங்கியில் ஊற்றுங்கள். அளவு சரியா என்று கடைசி வீட்டுப் பைப்பில் பார்க்க வேண்டும், அங்கே 0.2 மில்லிகிராமாவது மீந்திருக்க வேண்டும். மழைக்குக் கலங்கல் வந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். அன்று தூளைக் கூட்டுவதைவிட ஊற்றுக் குழாயை மூடித் தெளியும்வரை தாங்கித் தண்ணீரில் சமாளிப்பது நல்லது. திறந்த பக்கெட் தூள் நாள்பட வீரியம் குறையும், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள், தகர டின் வேண்டாம்.

மீற்றர் போட்டதும் ஓர் இரவுச் சோதனை செய்யுங்கள். இரவு 1 மணிக்குத் தாங்கிக்கு வரும் குழாயை மூடி, தாங்கிச் சுவரில் நீர்மட்டத்தைச் சோக்கால் குறியுங்கள். 4 மணிக்குத் திரும்பப் பாருங்கள். 3 மீற்றருக்கு 3 மீற்றர் தாங்கியில் 1 சென்ரிமீற்றர் என்றால் 90 லீற்றர். 10 சென்ரிமீற்றர் இறங்கி, 40 வீட்டு மீற்றர்களும் அசையாமல் இருந்தால் மணித்தியாலத்துக்கு 300 லீற்றர் மண்ணுக்குள் போகிறது, நாளுக்கு 7,200. வரிசை வால்வுகளை ஒவ்வொன்றாக மூடித் திரும்பச் செய்தால் எந்த வரிசை என்று தெரிந்துவிடும். கீழ் வரிசை என்றால் அன்றே தோண்டுங்கள், அந்தத் தண்ணீர் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது.